ஓரப்படம்

மணல்கேணிக்கு வெள்ளம் வந்து போன பிறகு அந்த ஊரில் ஒருவருக்கும் பழைய முகம் மிஞ்சவில்லை. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த முகம், பீரோவுக்குள் பட்டுச்சேலைக்கு அடியில் ஆல்பத்தில் படுத்திருந்த முகம், சாமி படத்துக்குப் பக்கத்தில் பொட்டு வைத்துக்கொண்டிருந்த முகம் என்று எல்லா முகமும் மூன்று நாள் தண்ணீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் காயாத கல்லில் ஊற்றிய முதல் தோசை மாதிரிப் பிய்ந்து பிய்ந்து வந்தன. ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் மீசை மாமியார் கன்னத்தில் போய் ஒட்டியிருந்தது, இன்னொரு வீட்டில் கல்யாணப் பெண்ணின் கழுத்துக்கு மேலே வாழைமரம் மட்டும்தான் இருந்தது. ஆடு போனதற்கும் நெல் போனதற்கும் அழுது முடித்திருந்த பெண்கள், ஆல்பத்தைக் கொடியில் காயப்போட்டுவிட்டு இரண்டாவது முறையும் அழுதார்கள்.

ஆனால் நெகட்டிவெல்லாம் தப்பித்துவிட்டது. ஊரில் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்தவர் மகளோடு கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது, முப்பது வருஷத்து நெகட்டிவையும் கவர் கவராகப் பெயர் எழுதி ஒரு தகரப் பெட்டியில் போட்டு, கோயில் தேர்க்கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். வெள்ளம் பரணுக்கு ஒரு சாண் கீழே வந்து நின்று, யோசித்து, திரும்பிப் போய்விட்டது.

பெட்டியை இறக்கச் சொல்லித் திறந்து பார்த்தவள் பிரம்மசக்தி. வயது இருபத்தைந்து, இடுப்பில் பத்து மாத மகள் மகிழினி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வரைக்கும் படிப்பு, எதற்கும் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற குணம். ஒரு சுருளை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கறுப்புப் பல்லும் வெள்ளை முடியுமாக ஊரே உள்ளே நின்று இளித்தது.

"இதைப் பெரிசாக்கித் தாளில் விழவைக்கிற மெஷின் ஒண்ணு இருந்தாப் போதும்" என்றாள். "ஊருக்கே முகம் போட்டுக் குடுத்துரலாம்."

"ஏட்டி, உனக்கு அது ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டான் புருஷன் லிங்கதுரை. அவன் லோடு ஆட்டோ வைத்திருந்தான்; எதையும் ஓட்டத் தெரியுமா என்றுதான் கேட்பான்.

"செல்போன்ல பதினோரு வீடியோ பாத்துட்டேன். பூரி சுடுறதை விட லேசு."

ஊருக்கு முகம் வேண்டும் என்பது பொதுக்காரணம். பிரம்மசக்திக்குத் தன்காரணம் ஒன்று இருந்தது. அவள் அம்மா தங்கபுஷ்பத்துக்கும் அம்மாவின் ஒரே அண்ணன் சிவனணைந்தபெருமாளுக்கும் இருபத்துநாலு வருஷமாகப் பேச்சில்லை. பிரம்மசக்திக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் வரவில்லை, அரிசிக்கடை ஆறுமுகநயினார் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள், அதுதான் பகை. அதற்குச் சாட்சியாக ஒரு படம் தங்கபுஷ்பத்தின் வீட்டு நடுச்சுவரில் தொங்கியது. அதில் குழந்தை அழுகிறது, ஆறுமுகநயினார் சங்கடமாகச் சிரிக்கிறார், தங்கபுஷ்பம் மட்டும் வலது ஓரத்தில் நின்று படத்துக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி ஆறுவதற்குள், "பாத்தியளா, அண்ணன் வருவான் வருவான்னு நான் வழி பாத்து நிக்கறதை" என்று அதைக் காட்டிவிடுவாள். பார்த்தவர்கள் உச்சுக்கொட்டி, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் மேலக்கேணியில் இருக்கிற அந்த மனுஷனைத் திட்டிவிட்டுப் போவார்கள்.

இப்போது மகிழினிக்குப் பதினோராம் மாதம் பிறக்கப் போகிறது, காது குத்த வேண்டும். பிரம்மசக்திக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. கூடப்பிறந்தவன் இல்லாதவள் பிள்ளைக்கு, அவள் அம்மாவின் கூடப்பிறந்தவன்தான் மடி கொடுக்க வேண்டும் என்பது மணல்கேணி முறை. 'என் மகளும் அரிசிக்கடை மடியிலதான் உக்காரணுமா?' என்பது பிரம்மசக்தியின் கவலை. படம் வெள்ளத்தில் கரைந்ததே, கோபமும் கொஞ்சம் கரைந்திருக்குமோ என்று பார்த்தாள். அம்மாவோ, "முதல்ல எனக்கு அந்தப் படத்தைப் போட்டுத் தா. சுவரு வெறிச்சுன்னு கிடக்கு" என்று நின்றாள்.

ஆகவே ஒரு திங்கட்கிழமை காலையில் லோடு ஆட்டோவில் தூத்துக்குடி போனார்கள். அங்கே ரோஸ்லின் என்ற தையல்காரம்மா வீட்டில் படம் பெரிசாக்குகிற பழைய என்லார்ஜர் ஒன்று கிடப்பதாகத் தகவல். கிடக்கவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தது. அதன் ஆள் உயரக் கம்பத்தில் பன்னிரண்டு ரவிக்கைகள் தொங்கின. அடிப்பலகையில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. விளக்கு எரிகிற தலைப்பகுதிக்கு மேலே ஒரு பூனை குட்டியோடு படுத்திருந்தது.

"என் மாமனார் ஸ்டூடியோவில இருந்தது" என்றாள் ரோஸ்லின். "நல்ல மெஷின்மா. ரவிக்கை தொங்கவிட இதை மாதிரி ஒண்ணு கிடைக்காது."

பிரம்மசக்தி பூனையை எழுப்பாமல், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவர்கள் மாதிரி, மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தாள். லென்ஸைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தாள். தோல் துருத்திக்குள் செல்போன் விளக்கை விட்டு, வெளியே பொட்டு வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தாள். கைப்பிடியைச் சுற்றித் தலையை ஏற்றி இறக்கினாள். பூனை குட்டியோடு ஏறி, குட்டியோடு இறங்கியது, கண்ணைத் திறக்கவில்லை.

"எத்தனை சைஸ் பிலிம் எடுக்கும்க்கா?"

"மூணு. சாதாரணச் சின்னச் சுருளு, அதுக்கு அடுத்த அகலச் சுருளு, அப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஒத்தை ஒத்தையா வருமே, அந்தப் பெரிய பிலிம். மூணுக்கும் தனித்தனித் தட்டு. நெகட்டிவைத் தட்டுல வச்சு உள்ள தள்ளணும்."

தட்டுகளைத் தேடினார்கள். பெரிய தட்டும் நடுத்தட்டும் கிடைத்தன. சின்னத் தட்டை மட்டும் காணவில்லை. துணி பறக்காமல் இருக்க எதன் மேலேயோ பாரமாக வைத்ததாக ரோஸ்லினுக்கு ஞாபகம்.

"கிடைச்சதும் பஸ்ல குடுத்து விடுதேன். அதுவரைக்கும் நடுத்தட்டுல வச்சுக்கோ. சின்னக் காலு பெரிய செருப்புக்குள்ள போகாதா என்ன?"

விலை இருவருக்கும் சிரிப்பு வருகிற இடத்தில் நின்றது. ரவிக்கைகளை இறக்கி, பூனையை ஒரு சாக்குக்கு இடம் மாற்றி, மெஷினை வைக்கோலில் சாய்த்து ஏற்றும்போது ரோஸ்லின் மட்டும் கொஞ்சம் கண் கலங்கி, "இனி ரவிக்கையை எங்க தொங்க விடுவேன்" என்றாள்.

வெங்காயம் போட்டுவைக்கும் அறைதான் இருட்டறையானது. சன்னலுக்குச் சாக்கு, சாக்குக்கு மேல் கறுப்புத் தார்ப்பாய், கதவு இடுக்குக்குப் பழைய போர்வை. உள்ளே ஒரு சிவப்பு பல்பு, வடகம் காயப்போடும் மூன்று பிளாஸ்டிக் தட்டில் மூன்று மருந்துத் தண்ணீர். நடுப்பகலில் கதவைச் சாத்தினால் உச்சிவெயிலுக்கும் அவளுக்கும் சம்பந்தம் விட்டுப்போகும். வெளியே தொட்டிலை அம்மா ஆட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

முதல் படம் பக்கத்து வீட்டு கோமு மைனியின் கல்யாணப் படம். சின்னப் பிலிமை நடுத்தட்டில் செல்லோடேப்பால் ஒட்டி வைத்தாள். சுற்றிலும் சும்மா கிடக்கிற இடத்தில் வெறும் வெளிச்சம் விழும், தாளில் அது கரி பூசினதுபோல் கறுப்பாக வரும், கத்தரித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. வெளிச்சம் கொடுத்து, தாளை மருந்தில் அமுக்கினாள். கோமு மைனி மெல்ல மெல்ல எழுந்து வந்தாள், பக்கத்தில் மாப்பிள்ளை வந்தார், படம் முடிந்துபோன கோட்டைத் தாண்டி, கறுப்பாக வர வேண்டிய இடத்தில், இன்னும் ஆட்கள் வந்தார்கள். இடதுபக்கம் ஒரு சின்னப்பிள்ளை பந்தல்காலைக் கட்டிக்கொண்டு நின்றபடியே தூங்கியது. மேலே பந்தல் கூரையில் ஒருவன் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தான். வலதுபக்கம் தரையோடு தரையாக ஒரு பெண் குந்தியிருந்து, கோமு மைனியின் ரவிக்கை முதுகைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

'தட்டு பெரிசு, அதான் கூட விழுது' என்று நினைத்துக்கொண்டு பிரம்மசக்தி படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ தண்ணீரில் போட்டாள். பெரிய சட்டியில் சமைத்தால் கூட நாலு பேர் சாப்பிடுகிறதில்லையா.

படத்தைப் பார்த்த கோமு மைனி கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எங்க சின்னத்தை! கொக்கி விட்டுப்போச்சுட்டி அன்னைக்கு. படம் எடுத்து முடியற வரைக்கும் ஒன்றரை மணி நேரம் பின்னாடி குந்தி, இழுத்துப் பிடிச்சிட்டே இருந்தா. பதினெட்டு வருஷத்துல ஒரு நாள் அதை நான் நினைக்கல பாரு!"

அன்று சாயங்காலமே இரண்டு கருப்பட்டியும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு சின்னத்தை வீட்டுக்குப் போனாள். சின்னத்தை கருப்பட்டியை வாங்கிக்கொண்டு, "விரலு மரத்துப்போச்சு தெரியுமா அன்னைக்கு" என்று பதினெட்டு வருஷம் கழித்து நெட்டி முறித்தாள்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. ஊர் அதற்கு ஓரப்படம் என்று பெயர் வைத்தது. இப்படி எப்படி விழும் என்று யாரும் கேட்கவில்லை. வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்றுதான் கேட்டார்கள். காலையில் பால் ஊற்றிவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கவரைக் கையில் பிடித்துக்கொண்டு வெங்காய அறை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். கலர் பிலிமும் அந்த மெஷினில் கறுப்புவெள்ளையாகத்தான் விழும் என்று பிரம்மசக்தி சொன்னபோது, "ஆளு விழுதா, அது போதும்" என்றார்கள். அவர்கள் தேடி வந்தது நடுவில் நின்ற தங்களை. கண்டுபிடித்தது ஓரத்தில் நின்ற மற்றவர்களை. மழையில் மணவறைக்குப் போர்வை பிடித்து நனைந்தவர்கள், குழந்தை படத்துக்குச் சிரிக்க வேண்டும் என்பதற்காகக் குரங்குபோல் குதித்த வாத்தியார், எல்லாரும் படத்துக்கு நின்ற நேரத்தில் பந்தியில் ஒற்றை ஆளாக இலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு மருமகள். பெட்ரோமாக்ஸ் முத்தையா பதினேழு கல்யாணத்தின் ஓரத்தில் தலையில் விளக்கோடு நின்றிருந்தார். ஒரு கல்யாணத்திலும் நடுவில் இல்லை.

பஞ்சாயத்துத் தலைவர் செந்தூர்க்கனி அக்கா ஊரைக் கூட்டினார். வாதம் நெடுநேரம் நடந்து, முடிவில், ஓரத்தில் நின்றவர்களுக்கு நன்றி சொல்லாமல் யாரும் படத்தை வீட்டில் மாட்டக்கூடாது என்று தீர்மானமானது. இறந்துபோனவர்கள் என்றால் அவர்கள் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும், பிள்ளைகளும் இல்லாவிட்டால் அவர்கள் வைத்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த மாதம் மணல்கேணியில் கருப்பட்டிக்குத் தட்டுப்பாடு வந்தது. தெருவில் எதிரெதிரே தட்டேந்தி நடந்தவர்கள், "உங்க வீட்டுக்குத்தான் வாரேன்", "நான் உங்க வீட்டுக்குல்லா வாரேன்" என்று நடுவழியிலேயே மாற்றிக்கொண்டார்கள். முத்தையா வீட்டில் முறுக்கு வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். ஒரு சடங்கு வீட்டு ஓரப்படத்தில் இடுப்பில் கரண்டியைச் செருகுகிற கோலத்தில் விழுந்த ஒருத்தி, யாரும் கேட்பதற்கு முன்னால் கரண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "இத்தனை நாளும் உங்க கரண்டியில்தான் என் பிள்ளைக சாப்பிட்டு வளர்ந்துச்சு, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். கரண்டிக்காரி அவளை உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்பினாள்.

பெரிய தட்டு மட்டும் தடை செய்யப்பட்டது. கோயில் கொடைவிழாப் படம் ஒன்றைப் பெரிய தட்டில் வைத்தபோது மூன்று தெரு விழுந்தது. சாமி ஆடுகிறவர் நடுவில் இருக்க, யார் வீட்டுப் பின்வாசலில் யார் செருப்பு கிடந்தது என்பது வரைக்கும் தெரிந்தது. செந்தூர்க்கனி அக்கா அந்தப் படத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "அதுல விழப்போறவங்க தானா வந்து சம்மதம் சொன்னாத்தான் இனி அந்தத் தட்டை எடுக்கணும்" என்று சொல்லிவிட்டார். எல்லாருக்கும் அது நல்லதாகவே பட்டது.

இந்தக் கூத்துக்கு நடுவில் பிரம்மசக்தி ஒன்றைக் கவனித்தாள். ஓரம் விழுகிறது என்று தெரிந்த அன்றிலிருந்து, அம்மா தன் படத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். "சுவரு வெறிச்சுன்னு கிடக்கு" என்பதும் நின்றுவிட்டது. கவர் பெட்டியில் இருந்தது, 'தங்கபுஷ்பம் மகள் காதுகுத்து' என்று தெளிவாக எழுதியிருந்தது. எடுத்துக் காட்டினால், "ஊர்க்காரங்க படத்தை முதல்ல போடு. நம்ம வீட்டுது எங்க ஓடிப்போகுது" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

பதினோராம் மாதம் பிறந்தது. வெள்ளிக்கிழமை காது குத்து என்று நாள் குறித்து ஆசாரியிடமும் சொல்லியாயிற்று. அந்த வாரத் திங்கட்கிழமை, ரோஸ்லின் கொடுத்துவிட்ட சின்னத் தட்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. வரிசையில் இருந்தவர்கள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரம் விழாத தட்டு யாருக்கு வேணும்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். தங்கபுஷ்பம் மட்டும் அதைக் கையில் வாங்கியதும் முகம் தெளிந்தாள்.

"இதுல வச்சு என் படத்தைப் போடு. இதுல மட்டும்" என்றாள்.

"நீயும் உள்ள வாயம்மா. நான் வச்சு அடிக்கிறதைப் பாரு" என்றாள் பிரம்மசக்தி. மகிழினியைக் கோமு மைனியிடம் கொடுத்துவிட்டு, உச்சிநேரத்தில் அம்மாவும் மகளும் வெங்காய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

சின்னத் தட்டில் சுவரில் இருந்த அதே படம் விழுந்தது. அழுகிற குழந்தை, சங்கடமான ஆறுமுகநயினார், வலது ஓரத்தில் வெளியே பார்க்கிற தங்கபுஷ்பம். "இதான். இதே போதும்" என்று அம்மா சொன்னாள். பிரம்மசக்தி படத்தைச் சிவப்பு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த படம்தான். ஆனால் ஒரு மாதமாக ஊர்முழுக்க இருக்கிறவர்களின் ஓரத்தைப் பார்த்துப் பழகிய கண் அது. வழி பார்க்கிறவள் தூரத்தைப் பார்ப்பாள். அம்மாவின் கண் பக்கத்தில் எதன் மேலோ இருந்தது.

"யம்மா, நடுத்தட்டுல ஒண்ணு போடுதேன். நீ வேண்டாம்னா வேண்டாம். யாருக்கும் காட்ட மாட்டேன், கழுவி விட்டுருவேன்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

நடுத்தட்டில், கோட்டைத் தாண்டி வலதுபக்கம், ஒரு வேப்பமரம் வந்தது. மரத்தை ஒட்டி ஒரு சீர்த்தட்டு வந்தது. தேங்காய், பழம், சின்னப் பாவாடைத் துணி. தட்டைப் பிடித்த இரண்டு கை வந்தது. கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முழங்கையோடு படம் முடிந்துவிட்டது.

"யாரோ சீர் கொண்டு வந்திருக்காவ" என்றாள் தங்கபுஷ்பம். அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லைபோல. வெளியே மகிழினி எதற்கோ கெக்கலித்துச் சிரித்தது கேட்டது.

"பெரிய தட்டை எடு" என்றாள்.

"யம்மா..."

"விழப்போறவ நாந்தான். சம்மதிக்கேன். எடு."

பெரிய தட்டில் மரம் முழுசாக வந்தது, மரத்துக்குப் பின்னால் வாய்க்கால் வந்தது, வாய்க்காலுக்கு மேல் பனைமரப் பாலம் முறிந்து ஒரு பக்கம் தொங்கியது. வேப்பமரத்தடியில், மார்பளவு நனைந்த வேட்டி சட்டையோடு, தட்டை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, மீசை இன்னும் நரைக்காத சிவனணைந்தபெருமாள் நின்றார். பந்தலில் எல்லாரும் அழுகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தடி தூரத்தில் தங்கச்சி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கபுஷ்பம் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"நல்ல நேரம் முடியப் போகுதுன்னு ஆசாரி அவசரப்படுத்தினாருட்டி. இவன் எங்க கிடக்கானோன்னு எனக்கு எரிச்சல். 'சரி, யார் மடியிலயாவது வச்சுக் குத்துங்க'ன்னு நாந்தான் சொன்னேன். குத்தி முடியவும் நிமிந்து பாக்கேன், வந்து நிக்கான். காத்திருக்காமப் போயிட்டோமேன்னு என் உடம்பெல்லாம் கூசிப்போச்சு. வாண்ணேன்னு கூப்பிட வாய் வரல. மூஞ்சைத் திருப்பிக்கிட்டேன். திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். அப்புறம் யாரோ, 'அண்ணன் வரலியா'ன்னாவ. 'வரல'ன்னுட்டேன். ஒரு தரம் சொல்லிட்டா பிறகு அதையேல்லா சொல்லணும்."

பிரம்மசக்திக்கு அம்மாவைத் திட்டத் தோன்றவில்லை. இருபத்துநாலு வருஷம் ஒரே பொய்யைக் காவல் காப்பது எத்தனை களைப்பான வேலை என்றுதான் தோன்றியது. படத்தை மூன்று தண்ணீரில் அலசி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள்.

"காஞ்சதும் என்ன செய்யட்டும்?"

"ஊர் தீர்மானம் என்ன? ஓரத்துல நின்னவங்களுக்குச் சொல்லாம மாட்டக்கூடாதுல்லா" என்று தங்கபுஷ்பம் மூக்கை உறிஞ்சினாள். "நீயும் வா. தனியாப் போக எனக்குக் காலு வராது."

மறுநாள் காலையில் லோடு ஆட்டோவில் வாய்க்காலைத் தாண்டி மேலக்கேணிக்குப் போனார்கள். முற்றத்தில் சிவனணைந்தபெருமாள் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்குவது யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றார். கையில் பிடித்திருந்த கட்டு அவிழ்ந்து காலடியில் சிதறியது. தங்கபுஷ்பம் அவர் முன்னால் போய் நின்றாள். வெற்றிலைத் தட்டை நீட்டினாள். தட்டில் கருப்பட்டிக்கு மேல் படம் இருந்தது.

அவர் படத்தை எடுத்து, கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு முடி இருந்திருக்கு எனக்கு" என்றார்.

"அண்ணே, நான் உன்னைப் பாத்தேன் அன்னைக்கு."

"தெரியும்மா. நானும்தானே உன்னைப் பாத்தேன்."

"நீ வரலைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

"கேள்விப்பட்டேன். நான் வந்தேன்னு சொன்னா நீ பொய்க்காரின்னு ஆயிரும். கூடப்பிறந்தவளை அப்படிச் சொல்லவைக்கவா? அதான் நானும் வரலைன்னே சொல்லிட்டேன்."

அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி கனகமணி வேகமாக வந்து படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். படத்தையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நீரு போயிருக்கீரு! வாய்க்கால்ல விழுந்துட்டேன், நனைஞ்சிட்டேன், போகலைன்னு எங்கிட்டயும் சொன்னீரு! இந்த மனுஷன் எங்கயோ உக்காந்து சீட்டாடிட்டு வந்து கதை சொல்லுதாருன்னு இருபத்துநாலு வருஷமா ஒரு பொங்கல், ஒரு தீபாவளி விடாம ஏசி வஞ்சிருக்கேனே! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன கொள்ளை உமக்கு?"

"நீ வையிறது பழகிப்போச்சு" என்றார் அவர்.

கனகமணி படத்தை அவர் கையிலேயே திணித்தாள். தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்து இழுத்து, "வெயில்ல நிக்காதீக மைனி, உள்ள வாங்க. உங்க அண்ணனுக்கு இன்னைக்குக் கோழி அடிச்சுப் போடணும், இருபத்துநாலு வருஷத்துக்கும் சேத்து" என்றாள்.

"வெள்ளிக்கிழமை என் பேத்திக்கு நீதாண்ணே மடி தரணும்" என்று தங்கபுஷ்பம் ஒருவழியாகக் கேட்டுவிட்டாள். அவர் தலையை ஆட்டினார். குனிந்து சிதறிய முருங்கைக்காயைப் பொறுக்கினார். பிரம்மசக்தியும் கூடக் குனிந்து பொறுக்கினாள். அவள் தன் மாமாவை அத்தனை பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் முறை.

வெள்ளிக்கிழமை பத்தேகால் வரை நல்ல நேரம். ஒன்பதரைக்கே பந்தல் நிரம்பிவிட்டது. ஆசாரி ஊசியைத் துடைத்து, மஞ்சள் தடவித் தயாராக உட்கார்ந்திருந்தார். பத்து மணி ஆனது, சிவனணைந்தபெருமாளைக் காணோம். லிங்கதுரை பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்:

"ஆளு கிளம்பி எட்டரை மணியில இருந்து நடந்துக்கிட்டுதான் இருக்காரு. சீரை நடந்துதான் கொண்டு வரணுமாம், வண்டியில ஏற மாட்டேங்காரு. வழியில வீட்டுக்கு வீடு நிறுத்துதாங்க. இத்தனை வருஷம் அவரை வஞ்சவங்க எல்லாரும் ஆளுக்கொரு வார்த்தை சொல்லி, ஆளுக்கொரு தம்ளர் மோர் குடுக்காங்க. வேண்டாம்னும் சொல்ல மாட்டேங்காரு. இன்னும் மேலக்கேணியையே தாண்டல."

பத்து பத்து ஆனது. "நேரம் போகுது தாயி" என்றார் ஆசாரி. "அரிசிக்கடைக்காரர் இருக்காரு. வச்சுக் குத்திருவோமா?"

ஆறுமுகநயினார் பதறிப்போய்ப் பந்தலுக்கு வெளியே இரண்டு எட்டு நகர்ந்தார்.

"அண்ணன் வரட்டும்" என்றாள் தங்கபுஷ்பம்.

"பத்தரைக்கு ராகுகாலம் பிறந்திரும்."

"பிறக்கட்டும்."

"ராகுகாலத்துல குத்துனா காது புண்ணு வச்சிரும், பெறகு என்னைச் சொல்லக்கூடாது."

"உம்மளை ஏன் சொல்லப்போறேன்? என் அண்ணன் வரட்டும்."

மணல்கேணி முழுக்கப் பந்தலில் உட்கார்ந்து, நல்ல நேரம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்தேகால் போயிற்று. பத்தரையும் போயிற்று. பந்திக்கு வடித்த சோறு ஆறியது, யாரும் எழுந்திருக்கவில்லை. தங்கபுஷ்பம் மகிழினியை மடியில் வைத்துக்கொண்டு ஆணியடித்தாற்போல் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வேப்பமரத்தடியில் ஒரு சீர்த்தட்டு தெரிந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எல்லாரும் பார்க்க, பந்தலை விட்டு வெளியே நடந்துபோய், "வாண்ணே" என்றாள்.

மோர் குடித்து வயிறு புடைத்திருந்த அந்த மடியில் மகிழினி வாகாக உட்கார்ந்து, மீசையைப் பிடித்து இழுத்து, ஊசி பட்டதும் ஊர் அதிர அழுதாள். ஆசாரி தலையை ஆட்டி ஆட்டி, "புண்ணு வைக்கும், புண்ணு வைக்கும்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பிரம்மசக்தி காலையும் மாலையும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டாள். மூன்றாம் நாளே ஆறிவிட்டது.